அளவு நோட்டில் அரை இஞ்ச்

போன வாரம் எண்ணெய்க் கிண்ணத்தோடு கதையை நிறுத்தியிருந்தோம். உங்களில் பாதிப்பேர் அந்த ஓட்டுநரைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். மீதிப்பேர், பாவம் மனுஷன், பாசத்தில் செய்துவிட்டார் என்று இரக்கப்பட்டிருப்பீர்கள். அவருடைய மனைவி டெய்லரம்மா திட்டுகிற கட்சி.

நடந்தது இதுதான். மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, டெய்லரம்மாவுக்கு அந்தச் சின்னப் புற்றுநோய் கிளினிக்கில் கதிர் சிகிச்சை. மொத்தம் இருபத்தைந்து நாள். பதினைந்து முடிந்திருந்தது. கதிர் எங்கே விழ வேண்டும் என்று மெஷினுக்கு அடையாளம் காட்ட, நெஞ்சின் நடுவில் ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று என்று மூன்று கூட்டல் குறிகளை ஊதா மையில் போட்டு, மேலே கண்ணாடி டேப் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் படாமல், எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆயிரம் தடவை எச்சரித்தும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழுத்தெலும்புப் பக்கம் எரிச்சல் தாங்காமல் மாத்திரை போட்டுக்கொண்டு டெய்லரம்மா அசந்து தூங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத கணவருக்கு அன்றைக்குப் பார்த்துப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வியர்வையில் ஏற்கெனவே பெயர்ந்திருந்த டேப்பை மெதுவாக எடுத்துவிட்டு, சிவந்திருந்த இடமெல்லாம் எண்ணெய் தடவி, பஞ்சால் துடைத்தும் விட்டார். மூன்று குறிகளும் பஞ்சோடு போயே போய்விட்டன.

திங்கட்கிழமை காலை அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. டெய்லரம்மா தரையில் வைத்த சாமான் ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போட்டது. ஓட்டுநர் அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

கடைசியில் மகள்தான் வாயைத் திறந்தாள். கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"கிளினிக்ல சொல்லிடலாம்மா. அழிஞ்சு போச்சுன்னு சொன்னா அவங்களே போட்டுவிடப் போறாங்க."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இன்னொரு தடவை அழிஞ்சா திரும்ப ஸ்கேன் எடுத்துட்டு வரணும்னு போன வாரமே சொல்லிட்டாங்க. அந்த ஸ்கேன் இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில போய் வரிசையில நிக்கணும். முழுசா ஒரு வாரம் போயிடும். கரண்ட் போனதுல ஏற்கெனவே ரெண்டு நாள் போச்சு. நடுவுல விடக் கூடாது, விடக் கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிறாரு. உங்கப்பா கைவரிசைக்கு நான் ஒரு வாரம் காவு கொடுக்கணுமா?"

"அதுக்காக?"

"அதுக்காக, நான் என் வேலையைப் பார்க்கிறேன். அந்த நோட்டை எடு."

முன்னறைதான் கடை. வெட்டுகிற மேஜை மேல் கிடந்த பள்ளிச் சீருடைத் துணிகளைச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டு, டெய்லரம்மா அதன் மேல் ஏறிப் படுத்தாள். கிளினிக்கில் படுப்பது போலவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை முக்கால்வாசிதான் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் தூக்கினாள்.

அளவு நோட்டில், சீருடை அளவுகளுக்கு நடுவே அவளுடைய அளவும் இருந்தது. முதல் நாள் குறி போட்டு அனுப்பிய அன்றே, இதே மேஜையில் இதே மாதிரி படுத்து, மகளை டேப் பிடிக்கச் சொல்லி எழுதி வைத்தது. கழுத்துக் குழியிலிருந்து நடுக் குறி ஐந்தே முக்கால். அங்கிருந்து வலது விலா எட்டரை. இடது எட்டே கால். மேஜையிலிருந்து விலாக் குறியின் உயரம் மூன்றரை. எதற்கு என்று அப்போது மகள் கேட்டதற்கு, "என் உடம்புல ஒருத்தர் அளவு வச்சா எனக்கும் தெரிய வேண்டாமா?" என்றாள். முப்பது வருஷம் அடுத்தவர் உடம்பை அளந்த பழக்கம். காரணமெல்லாம் பெரிதாக இல்லை.

"அஞ்சே முக்கால்ல வை. டேப் தொங்கக் கூடாது. இழுக்கவும் கூடாது. வச்சியா? அந்தத் துணிப் பேனாவால போடு."

"இது தப்புன்னு எனக்குத் தோணுதும்மா."

"தோணட்டும். போடு."

வக்கீல் போட்டாள். மூன்றாவது குறியைப் போடும்போது அழுதுகொண்டே போட்டாள். வாசலில் நின்ற ஓட்டுநர், "நான் வேணும்னா பிடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்க எதையும் தொடாம இருந்தா அதுவே பெரிய உபகாரம்," என்றாள் டெய்லரம்மா மேஜையில் படுத்தபடியே.

*

கிளினிக் ஒரு மாடிக் கட்டடம். கீழே காத்திருக்கும் கூடம், டாக்டர் அறை, பிறகு ஒரு வளைந்த நடை, அதன் கோடியில் சுவர் கனத்துக்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் மெஷின். அதை ஓட்டுகிற பெண்ணுக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும். ஆனாலும் தொண்ணூறு வயதுக் கிழவர் உட்பட எல்லோருக்கும் அவள் மெஷினக்கா.

அவள் ஒரு வாரம் லீவில் போயிருந்தாள். அந்த வாரம் வேறொரு இடத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மனிதர் வந்து மெஷினைப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு மெஷினக்கா திரும்பி வந்துவிட்டாள் என்பதே டெய்லரம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவள் லீவுக்குப் பதிலாக வந்தவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதில்லை. எரியுது என்று சொன்னதற்குக்கூட, "எரியத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவர்.

மேஜையில் படுக்க வைத்து, கையைத் தாங்கியில் பொருத்தி, விளக்கைக் குறைத்தாள் மெஷினக்கா. சுவர்களிலிருந்து பச்சை வெளிச்சக் கோடுகள் வந்து விழுந்தன. குறிகள் அந்தக் கோடுகளில் வந்து உட்காரும் வரை மேஜையை நகர்த்தினாள். உட்கார்ந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

பிறகு மெஷினக்கா பக்கத்துத் திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. மேஜை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு நாளும் அதில் ஒரு எண் பதிவாகும். வெள்ளிக்கிழமை எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துப்போகவில்லை.

விளக்கைப் போட்டாள். குனிந்து நடுக் குறியை உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் கோடு மெல்லிசா இருக்கே. நாங்க போடுற பேனா இல்லையே இது. யாரும்மா போட்டது?"

"நான்தான். அழிஞ்சு போச்சு. அளவு வச்சிருந்தேன், பார்த்துப் போட்டேன்."

மெஷினக்காவுக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு என்ன தைரியம்! இது என்ன சட்டைக்குப் பட்டன் வைக்கிற இடமா? உங்க இஷ்டத்துக்குத் தள்ளி வைக்க? ஒரு சென்டிமீட்டருக்கு மேல தப்பா இருக்கு. நான் நம்பரைப் பார்க்காம பட்டனைத் தட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? எழுந்திரிங்க. இன்னைக்குக் கிடையாது."

"தப்பா இருக்காது. நான் அளந்தது தப்பா இருக்காது."

"மெஷின் பொய் சொல்லுதா?"

வெளியே நடையில் ஓட்டுநரும் மகளும் நின்றார்கள். சத்தம் அதுவரை கேட்டிருக்க வேண்டும். மெஷினக்கா கதவைத் தாண்டியதுமே ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவ தெரியாம பண்ணிட்டா மேடம். பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க. இனிமே இப்படி நடக்காம நான் பார்த்துக்கிறேன்."

நான் பார்த்துக்கிறேன்! ஆஸ்பத்திரி அங்கியின் முடிச்சைப் பிடித்தபடி பின்னால் வந்த டெய்லரம்மாவுக்குத் தலை முதல் கால் வரை சுர்ரென்று ஏறியது. எண்ணெய் தடவினது யார் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவள் தெரியாமல் பண்ணிவிட்டாளாம்.

"ஏங்க, எதை நான் தெரியாம பண்ணினேன்? சொல்லுங்க. அழிச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

"எதுக்கு இப்ப... அவங்களே கோபமா இருக்காங்க... நீ கொஞ்சம் அடங்கிப் போ."

"அடங்கித்தான் போறேன், இருபத்தெட்டு வருஷமா."

மகள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். காலையில் அழுதவள் இப்போது நிஜ வக்கீல் மாதிரியே பேசினாள். "அக்கா, ஒரு படம் எடுத்துப் பார்த்திடுங்க. எங்கம்மா போட்டது தப்புன்னா நாங்க ஸ்கேனுக்குப் போறோம், வாயே திறக்க மாட்டோம். படம் எடுக்காம தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

கேட்டது நியாயம்தான். மெஷினக்கா ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு போய் பிசிக்ஸ் சாரைக் கூட்டி வந்தாள். மெஷினுக்குக் கணக்குப் போடுகிறவர் அவர். ஒல்லியான, அவசரமில்லாத மனிதர்.

டெய்லரம்மா மறுபடி படுத்தாள். மறுபடி பச்சைக் கோடுகள். படம் எடுத்தார்கள். எல்லோரும் வெளி அறைத் திரை முன்னால் கூடினார்கள்.

பிசிக்ஸ் சார் இன்றைய படத்தை சிகிச்சைக்குத் திட்டம் போட்டபோது எடுத்த படத்தின் மேல் வைத்தார். விலா எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தி உட்கார்ந்தன.

"சரியாத்தானே இருக்கு," என்றார்.

"வெள்ளிக்கிழமை நம்பரோட சேரலையே சார்."

அவர் பழைய எண்களைப் பின்னோக்கி ஓட்டினார். முதல் பத்து நாள், இன்றைய எண்ணேதான். பதினொன்றாவது நாளிலிருந்து பதினைந்தாவது நாள் வரை வேறு எண். வாரா வாரம் எடுக்க வேண்டிய படத்துக்கான கட்டம், போன வாரத்துக்கு மட்டும் காலியாக இருந்தது. அவருடைய கை சுட்டியின் மேல் அசையாமல் நின்றது.

 டெய்லரம்மாவுக்கு விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் முன்னால் அவளுக்கு விளங்கியது.

"போன திங்கக்கிழமை அந்தக் கண்ணாடிக்காரர் எனக்குப் புதுசாக் கோடு போட்டாரு," என்றாள். "கரண்ட் போன ரெண்டு நாள்ல வேர்த்து, பழைய கோடு சுத்தமா போயிருந்துச்சு. பேப்பர்ல இருக்கிற அளவைப் பார்த்துத்தான் போட்டாரு. ஆனா கையைத் தூக்கச் சொல்லலை. இந்தத் தாங்கியை மாட்டவே இல்லை. கையைப் பக்கத்துல வச்சுக்கம்மான்னு சொல்லிட்டுப் போட்டாரு."

மெஷினக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"கையைத் தொங்கப் போட்டு எடுத்த அளவு, கையைத் தூக்கினா மேல ஏறிடும். பத்து நாள் பழகின தையல்காரிக்கே இது தெரியும். எனக்கு அப்பவே உறுத்துச்சு. படிச்சவங்க, மெஷினெல்லாம் தெரிஞ்சவங்க, நம்ம என்ன சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன்." அவளுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. "அதனாலதான் இங்க எரிஞ்சுது. இங்க, எலும்புக்கு மேல. இங்க எரிய வேண்டிய அவசியமே இல்லை, இல்லையா சார்?"

பிசிக்ஸ் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். டாக்டரைக் கூப்பிடப் போனார்.

*

டாக்டர் நல்ல மனிதர்தான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் கோபப்படுவதற்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும். மூன்று பேரையும் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"பாருங்கம்மா, பதறாதீங்க. அரை இஞ்ச் வித்தியாசம்கிறது பெரிய விஷயம் இல்லை. எப்பவுமே தேவையான இடத்தைச் சுத்திக் கொஞ்சம் கூடுதலாத்தான் விட்டுக் கொடுப்போம்."

"எவ்வளவு விட்டிருக்கீங்க?"

டாக்டர் பிசிக்ஸ் சாரைப் பார்த்தார். பிசிக்ஸ் சார் தரையைப் பார்த்தார்.

"கால் இஞ்ச்," என்றார். "அதுக்கும் கொஞ்சம் கம்மி."

"தையலுக்குக் கால் இஞ்ச் விட்டுட்டு, அரை இஞ்ச் தள்ளி வெட்டினா என்ன மிஞ்சும் டாக்டர்? எனக்குத் துணிக் கணக்குதான் தெரியும், நீங்க உங்க கணக்குல சொல்லுங்க. அந்த அஞ்சு நாளும் கீழ்ப்பக்கம் கால் இஞ்சுக்குக் கதிர் விழுந்துச்சா, விழலையா? கட்டி இருந்தது கீழ்ப்பக்கம்தானே?"

டாக்டர் எதிரில் இருந்த ஃபைலை மூடி ஓரமாக வைத்தார்.

"கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்," என்றார் டாக்டர். "குறைஞ்சிருந்தா ஈடு பண்ண வழி இருக்கு. நான் மறைக்கலை. ஆனா இது வெளியில போனா என்ன ஆகும்னு யோசிங்க. இந்தச் சுத்துவட்டாரத்துக்கே இருக்கிறது இந்த ஒரு மெஷின். பயந்துபோய் நாலு பேர் வராம நின்னுட்டா அவங்களுக்குத்தான் ஆபத்து. நாங்க உள்ளுக்குள்ள விசாரிக்கிறோம். இன்னைக்கு உங்களுக்கு உங்க கோட்டு மேலயே கொடுத்திடலாம். போய்ப் படுங்க. மத்ததை எங்ககிட்ட விடுங்க."

"சரிங்க டாக்டர்," என்றார் ஓட்டுநர்.

டெய்லரம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் வீட்டு ஓனர், ரேஷன் கடைக்காரர், மகளின் ஹெட்மாஸ்டர் என்று எத்தனையோ பேரிடம் அவர் சொல்லி அவள் கேட்ட அதே 'சரிங்க'.

"யாருக்குச் சரி?"

"டாக்டரே சொல்றாரு... ஈடு பண்ணிடலாம்கிறாரு... நீ விடேன்."

"விடுறதுக்கு இது உங்க உடம்பு இல்லை. எனக்குச் சொல்லாம எண்ணெய் தடவுனீங்க. எனக்குச் சொல்லாம மன்னிப்புக் கேட்டீங்க. இப்ப எனக்குப் பதிலாச் 'சரி'யும் சொல்றீங்க. உங்களுக்கு என் மேல பாசம் இருக்கு, நான் இல்லேங்கலை. ஆனா ஒரு தடவையாவது என் பக்கத்துல நின்னு, 'ஏன் இப்படிப் பண்ணுனீங்க'ன்னு கேளுங்களேன். ஒரே ஒரு தடவை."

ஓட்டுநர் வாயைத் திறந்தார். மென்று விழுங்கினார். மூடிக்கொண்டார். மகள் தன் அப்பாவைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெய்லரம்மா எழுந்தாள். "எழுதிக் கொடுங்க டாக்டர். எத்தனை நாள், எவ்வளவு தள்ளி, எல்லாம். கையெழுத்துப் போட்டு. நான் போய்ப் படுக்கிறேன், எனக்கு ஒரு நாள்கூட வீணாகக் கூடாது."

டாக்டர் அறையிலிருந்து மெஷினுக்குப் போக வேண்டுமானால் காத்திருக்கும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கூடம் நிறைந்திருந்தது. வரிசையில் முதலாவதாக நுரையீரலுக்கு வைத்தியம் பார்க்கும் லிஃப்ட் ஆபரேட்டர், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேக்கரிக்காரர் மனைவி. அவளுக்கும் மார்பில்தான். அதற்குப் பின்னால் கணக்கு டீச்சர். தினமும் பார்த்துப் பார்த்து, ஒருத்தர் எரிச்சலை ஒருத்தர் விசாரித்து, சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்ட முகங்கள்.

"என்ன டெய்லரம்மா, இன்னைக்கு இவ்வளவு நேரம்? மெஷின் மறுபடி மக்கரா?" என்று சிரித்தாள் பேக்கரிக்காரர் மனைவி. சிரித்துக்கொண்டே அங்கியின் கழுத்தை இழுத்து, கழுத்தெலும்புக்கு மேல் ஊதிவிட்டுக்கொண்டாள். அந்த இடம் செக்கச் செவேலென்று இருந்தது.

டெய்லரம்மாவின் கால் நின்றுவிட்டது.

நாலு பேர் பயந்துபோய் வராமல் நின்றுவிடுவார்களாம். தெரியாமல் வந்து படுத்துக்கொண்டே இருக்கலாமாம்.

"அம்மா," என்றாள் மகள் பின்னாலிருந்து. அது தடுக்கிற குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க கேளுங்க," என்றாள் டெய்லரம்மா. கடையில் தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், கூடத்தின் கடைசி நாற்காலி வரை போனது. "போன வாரம் அந்தக் கண்ணாடிக்காரர் யார் யாருக்குப் புதுசாக் கோடு போட்டாரு? கையைத் தூக்கச் சொல்லாம, பக்கத்துல வச்சுக்கச் சொல்லிப் போட்டது யார் யாருக்கு? காட்டுங்க."

டாக்டர் அறைக் கதவு திறந்தது. "அம்மா, ப்ளீஸ்..."

லிஃப்ட் ஆபரேட்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். பேக்கரிக்காரர் மனைவி தூக்கினாள். அவளுடைய சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. கணக்கு டீச்சரின் கை தோள் மட்டத்துக்கு மேல் வரவில்லை. ஆபரேஷன் பக்கம். இன்னும் ஒரு கை. இன்னும் இரண்டு.

"ஆறு பேர்," என்றாள் மகள். 

நடையின் கோடியில் மெஷினக்கா நின்றிருந்தாள். கையில் அன்றைய பெயர்ப் பட்டியல், அதில் போன வாரம் எண் மாறியிருந்தவர்களின் பெயர்களை வட்டமிட்டிருந்தாள். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்ததை அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"பதினோரு பேர்," என்றாள். "வெள்ளிக்கிழமை நம்பரோட ஒத்துப் போச்சேன்னு நானும் பட்டனைத் தட்டிட்டேன். மத்த அஞ்சு பேர் காலையிலயே கதிர் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."